எண்பது சொல்

ஆளுக்கு எண்பது சொல்.
கூடினால் முதலீட்டுக்காரர் வாசிக்கமாட்டாராம்.
பலாலி வீதியில் மருந்துக்கடைக்கு மேலே
ஏசி சொட்டும் அறையில், வாளியைக் காலால் தள்ளித் தள்ளி
இயக்குநர் சபையை எண்பது எண்பதாய்
வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சில்லைப் பற்றி முதற்பக்கத்தில் எழுதியாயிற்று.
சுண்டுவிரல் நகத்தில் பாதி. தைவானில் வார்த்தது.
தூரத்துக் கிணறொன்று தன் நீர்மட்டத்தை
முணுமுணுப்பதை
இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுக்கும்.
கம்பி வேண்டாம். ஒரு பட்டன் பற்றரி, ஏழு வருடம்.
அதற்கு எண்பதே போதுமாயிருந்தது.
மனிசர்தான் அடங்குகிறார்கள் இல்லை.

தலைவர் வைகுந்தன் கதிரித்தம்பி மட்டும் அடங்கினார்.
ரொறன்ரோ, சான் ஹோசே, நான்கு நிறுவனம்,
கடைசியாய் விற்றதன் விலை, தடித்த எழுத்தில்.
நாற்பத்தொரு சொல்லில் முடிந்துபோனார்.
மிச்சம் முப்பத்தொன்பதை வேறு ஆருக்கும்
கடனாய்க் கொடுக்கலாமோ என்று கேட்டேன்.
சூமில் அவருக்கு அது சரியாய்க் கேட்கவில்லை.

நிதிக்கு நஸீஹா றாசிக்.
"யாழ்ப்பாணத்தில் பிறந்து, புத்தளத்தில் கற்று,
கொழும்பில் பட்டயக் கணக்காளரானவர்."
முதலாவது காற்புள்ளியை அடித்துவிட்டு
விரலை எடுக்காமல் இருந்தேன்.
அதற்குள் ஒரு ஒக்ரோபர் இருக்கிறது,
இரண்டு மணித்தியால அவகாசம் இருக்கிறது,
பூட்டிய கதவின் திறப்பை ஆரிடம் கொடுப்பது என்பதும்.
வரைவு திரும்பி வந்தது, ஒரே திருத்தத்தோடு:
பிறந்து என்பதற்கு முன்னால் சோனகதெருவில்.
எண்பத்தொன்று.
நான் எண்ணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலீட்டாளர் சார்பில் ஒருவர் உண்டு.
அவருடைய படம் மட்டும் வந்திருக்கிறது, டை கட்டி.
கம்பனிச் செயலாளரான எனக்கு எண்பது இல்லை,
கடைசிப் பக்கத்தில் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

பிலேந்திரன், தொழில்நுட்பம், குருநகர்.
மூன்று காப்புரிமை, மூன்றும் சுருளுக்கு:
தலைமுடியைவிட மெல்லிய செம்பை
சிலிக்கன்மேல் எட்டுச் சுற்றுச் சுற்றும் வித்தை.
பத்தொன்பது வயதில் இதே மாதிரி ஒரு சுருள்,
கையால் சுற்றியது, சாரத்தின் மடிப்பில் வைத்துக்கொண்டு
சோதனைச் சாவடியால் வந்தவர்.
பதினொரு மாதம்.
"அதை எப்பிடிப் போட?" என்றேன்.
"சுயகற்றல்" என்றார்,
கண்ணை அலைவுகாட்டியிலிருந்து எடுக்காமல்.

பிறகு சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல்:
தலைமை நிறைவேற்று அதிகாரியின் பின்னணியில்
இருபத்தொரு மாதம் காணவில்லை. தயவுசெய்து நிரப்பவும்.

மயூரதி குலவீரசிங்கம் ரோல்ஸ் தின்றுகொண்டே சொன்னா:
"நானூற்றுப் பத்துக் குடும்பம். ஒரு தண்ணி பவுசர்,
வந்தால் வரும். வரிசையை நான்தான் பிடிச்சனான்.
வாளிக்கு நம்பர், கைக்குழந்தைக்காரர் முன்னுக்கு.
ஒரு நாளும் அடிபாடு இல்லை.
இல்லை, ரெண்டு நாள் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.
செயற்பாட்டு முகாமைத்துவம் எண்டு போடுங்கோ."

போட்டேன்.
அரைமணியில் பதில்: மிக நன்று. எந்த நிறுவனம்?

வலயம் நான்கு, என்று அடித்தேன்.
அழித்தேன்.
திரும்ப அடித்தேன்.
அனுப்பும் பொத்தானுக்கு மேல் அம்புக்குறி நிற்கிறபோது
அடுத்த அறையில் பிலேந்திரன் கத்துகிறார்,
"பிடிச்சிட்டுது!"

கதிரைகள் இழுபடுகின்றன. நஸீஹாவின் செருப்புச் சத்தம்.
எண்ணெய்க் கையோடு மயூரதி ஓடுகிறா.
கோப்பாயில், வெங்காயத் தோட்டத்துக் கிணறு.
மூன்று தசம் ஒன்று மீற்றர்.
ஒருக்கால் தவறி, பிறகு
மூன்று தசம் ஒன்று.